கைக்கு எட்டாத அதிர்வு

தன்னிடத்துள்ள குறையைப் பிறர் கண்டுகொள்ளுமுன் தானே எடுத்துரைத்தல் அறங்களுள் அரியது. கொடை செய்வாரைப் புகழ் தேடி வரும். பொறுமை காப்பாருக்கு நாளடைவில் மதிப்புக் கூடும். இந்த அறத்தைச் செய்தவருக்கோ பெரும்பாலும் கையிலிருந்த பிழைப்புப் போகும். ஆகையால் இதைச் செய்வோர் குறைவு. குத்துக்கல்வலசையில் குடியிருக்கும் கார் ஓட்டுநர் சிவனணைந்தபெருமாள் இதைச் செய்தார். மனமுவந்து செய்தார் என்று சொல்வதற்கில்லை. உடலும் உள்ளமும் ஒருங்கே களைத்த ஒரு பிற்பகலில், இனி மறைக்கவும் வலுவில்லை என்ற நிலையில்தான் செய்தார். எனினும் அறம் அறமே.

ஊரார் அவரைச் சிவனு என்று அழைப்பர். ஐம்பதைக் கடந்த வயது. மெலிந்த உடல். காலையில் இட்ட திருநீறு மாலைவரை நெற்றியில் அழியாதிருக்கும். தென்காசியில் மரவாடி நடத்தும் இசக்கியப்பனிடம் இளமை தொட்டே வண்டி ஓட்டி வந்தார். இசக்கியப்பன் உரத்த குரலும் இளகிய நெஞ்சும் உடையவர். வண்டி ஓட்டும் உரிமம் அவரிடமும் உண்டு. ஆயினும் சிவனு வந்த பிறகு அவர் ஸ்டீரிங்கைத் தொட்டதில்லை.

சிவனு வண்டியில் ஏறுமுன் செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் வைத்துவிடுவார். வெறுங்காலால் மிதித்தால்தான் பிரேக்கின் மனம் தெரியும் என்பார். பழைய வண்டியின் ஸ்டீரிங் கனமானது, முரட்டுத்தனமானது. ஆனால் சாலையில் உள்ளதை அது உள்ளபடியே கைக்குச் சொல்லிவிடும். ஆலங்குளத்தருகே தார் பெயர்ந்த இடமும், இலஞ்சி வளைவில் வயல்நீர் கசிந்து இளகிய ஓரமும், குற்றாலச் சாலையில் மழைக்காலத்துப் பாசி படிந்த வழுக்கலும் உள்ளங்கை வழியே அவருக்குத் தெரிந்துவிடும். கண் பார்க்குமுன் கை விலகிக்கொள்ளும்.

அந்த வண்டியை மாற்ற நேர்ந்தது இசக்கியப்பனின் மனைவி ஜோதிலட்சுமியின் பொருட்டு. அவருக்கு முதுகெலும்பில் அறுவை செய்து தகடு பொருத்தியிருந்தார்கள். வாரந்தோறும் திருநெல்வேலிக்குச் சென்று உடற்பயிற்சிச் சிகிச்சை பெற வேண்டும். பழைய வண்டியில் ஒவ்வொரு குழியும் அவர் முதுகில் இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு தலையணைகளுக்கு நடுவே, ஒருக்களித்து அமர்ந்து போய்வருவார். பாதி வழியில் அவர் முனகுவதைக் கேட்டு இசக்கியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்ட நாளும் உண்டு. அதன்பின் வந்ததுதான் அந்தப் பெரிய ஹைபிரிட் வண்டி. பேட்டரியிலும் பெட்ரோலிலும் மாறிமாறி ஓடும். உயரமானது, அகலமானது, உள்ளே அமர்ந்தால் வெளியுலகின் ஓசை அடங்கிப்போகும்.

இலஞ்சிக் குமரன் சன்னதியில் பூசை முடித்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சை நசுக்கி, முதன்முதலில் கிளம்பிய காலையில் இசக்கியப்பன் பதறினார்.

"என்னவே சிவனு, வண்டி ஆஃப் ஆயிட்டா?"

"இல்ல அண்ணாச்சி, ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. பேட்டரில போகுது."

"சத்தமே இல்லாமப் போனா பஜார்ல எவன்வே வழி விடுவான்?"

"அதான் ஹாரன் இருக்கே."

"இவ்வளவு பெரிய வண்டிய வாங்கிட்டு, ஐஸ்காரன் மாதிரி அடிச்சிக்கிட்டே போகச் சொல்லுதீரு."

"கொஞ்சம் பேசாம வாங்களேன்," என்றார் பின்னிருக்கையில் இருந்த ஜோதிலட்சுமி. "ரொம்ப நாளைக்குப் பொறவு இப்பதான் எனக்கு முதுகுன்னு ஒண்ணு இருக்கதே மறந்திருக்கு."

அந்த ஒரு சொல்லுக்காகவே வண்டி வாங்கியது தகும் என்று இசக்கியப்பன் எண்ணினார். சிவனுவும் அவ்வாறே எண்ணினார். ஆனால் அவருக்குள் ஒரு சோர்வு அன்றே தொடங்கிவிட்டது. ஸ்டீரிங்கை ஒற்றை விரலால் திருப்பலாம், அவ்வளவு மென்மை. குழியில் இறங்கினால் வண்டி அதைத் தானே விழுங்கிக்கொள்ளும். பிரேக்கை மிதித்தால் வேகம் குறைகிறதே தவிர, மிதிக்கும் காலுக்கு ஒரு மறுமொழியும் இல்லை. சாலை ஒரு பக்கமும் தாம் ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிட்டதாக அவருக்குத் தோன்றியது. கை தராத செய்தியைக் கண்ணே தேடிப் பிடிக்க வேண்டியிருந்ததால், திருநெல்வேலி போய்த் திரும்பும்போது நெற்றிப்பொட்டு வலித்தது. முன்பெல்லாம் நாள் முழுதும் ஓட்டியும் வாராத களைப்பு, இப்போது ஒரே பயணத்தில் தோளில் வந்து அமர்ந்தது.

"எப்படிவே இருக்கு வண்டி?" என்று கேட்டால், "வண்டி சொகந்தான் அண்ணாச்சி. ஸ்டீரிங்தான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டுக்கு" என்பார்.

"பொண்டாட்டிதான் பேசிக்கிட்டே இருக்காளே. ஸ்டீரிங்குமா பேசணும்?"

சாரல் தொடங்கியது. வெள்ளிக்கிழமைகளில் ஜோதிலட்சுமி குற்றாலநாதரைத் தரிசிக்கச் செல்வார். அவர் கோயிலுக்குள் இருக்கும் நேரத்தில் சிவனு வண்டியை நிறுத்திவிட்டு, அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் சுடலைமுத்துவிடம் போய் அமர்ந்தார். இருவரும் நெடுநாள் பழக்கம்.

"கை ரெண்டும் மரத்தாப்புல இருக்குவே. சாரக் குளிரா இருக்கும்."

"குடும் பாப்போம்," என்று சுடலைமுத்து சூடான எண்ணெயை ஊற்றி, கட்டைவிரலால் உள்ளங்கையின் நடுவே அழுத்தினார். "வலிக்கா?"

"இல்ல."

"இப்ப? எம்புட்டு பலத்தையும் போட்டு அழுத்துதேன்."

"இல்லவே."

"அப்ப தீந்துட்டு. நரம்பு தெளிஞ்சாத்தான் வலி இருக்காது. நாலு பேரு கிட்ட சொல்லும், சுடலை கைராசிய."

வலியின்மையை இருவரும் நலம் என்று கொண்டார்கள். எண்ணெயின் சூடும் கையில் உறைக்கவில்லை என்பதை அவர்களுள் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. சிவனு தெளிந்த மனத்துடன் எழுந்து போனார்.

அதே வாரத்தில் ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்கு நடந்து வந்தார். வாசலில் நின்ற மனைவி முத்துலட்சுமி அவர் காலைப் பார்த்தாள்.

"ஒத்தச் செருப்ப எங்க போட்டுட்டு வாரிய?"

குனிந்து பார்த்தார். இடக்காலில் செருப்பு இல்லை. தெருமுனையில் எங்கோ நழுவியிருக்க வேண்டும். நழுவியது அவருக்குத் தெரியவில்லை.

"வண்டியிலயே கெடக்கும்ட்டி."

"ஒண்ணு வண்டியில, ஒண்ணு கால்லயா? நாய் தூக்கிட்டுப் போனாக்கூடத் தெரியாது போலுக்கே. ஒரு டாக்டரப் பாருங்க."

"சீசன் முடியட்டும். இப்பத்தான் ஓட்டம் ஜாஸ்தி."

அவள் மேலும் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் சுவரில் சாய்ந்தபடியே கண் அயர்ந்துவிட்டார்.

அதன்பின் நிகழ்ந்தது ஆலங்குளம் தாண்டிய நான்குவழிச் சாலையில். வெயிலும் மழையும் இன்றி மங்கிய வானம். வண்டி சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஜோதிலட்சுமி பின்னால் கண்ணை மூடியிருந்தார். முன்னிருக்கையில் இருந்த இசக்கியப்பன் தற்செயலாக இடப்புறம் பார்த்தார். சாலையோர வெள்ளைக்கோட்டைக் கடந்து, தாரையும் கடந்து, இடப்பக்கச் சக்கரங்கள் மண்ணில் ஓடிக்கொண்டிருந்தன. சற்றுத் தொலைவில் மைல்கல் நின்றது.

"ஏய் சிவனு! மண்ணுல ஓட்டுதீரே!"

சிவனு திருப்பினார். கல் ஒரு சாண் இடைவெளியில் பின்னே போயிற்று. அந்த வண்டியின் சொகுசு எத்தகையது என்றால், மண்ணில் இறங்கியதும் தாருக்கு ஏறியதும் ஜோதிலட்சுமியின் துயிலைக் கலைக்கவில்லை.

"என்னவே இது? தூங்கிட்டீரா?"

"இல்ல அண்ணாச்சி. கோட்டத் தாண்டினா ஸ்டீரிங் கைக்குள்ள அதிரும்னு வாங்கும்போது சொன்னாவல்லா? ஒருநாளும் அதிர்ந்ததில்ல. எனக்கு ஒரு தாக்கலும் வரல."

அவர் பொய் சொல்லவில்லை. அவர் அறிந்தவரையில் அது உண்மை. ஓட்டுநரின் சொல்லைச் சோதித்துப் பார்க்கும் எண்ணமே எழாத முதலாளி இசக்கியப்பன். ஆகவே அவருடைய சினம் முழுதும் வண்டி விற்ற நிறுவனத்தின்மேல் திரும்பியது.

அடுத்த முறை திருநெல்வேலி சென்றபோது ஜோதிலட்சுமியைச் சிகிச்சை நிலையத்தில் இறக்கிவிட்டு, நேரே ஷோரூமுக்குப் போனார்கள். சர்வீஸ் பிரிவில் பெர்சிஸ் என்ற இளம்பெண் பொறுப்பிலிருந்தாள். மெக்கானிக் ஒருவர் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார்.

"குறை இல்லையா? என் வீட்டுக்காரி உயிரோட விளையாடுதியளா?" என்று இசக்கியப்பன் முழங்கினார். "எங்க குடும்பத்து உசிரு அம்புட்டும் இந்தாளு கையிலதான் இருந்திருக்கு. இவன் அதிரலன்னு சொன்னா அதிரல. நீங்க கம்ப்யூட்டர்ல காட்டினாலும் சரி, கடவுளே வந்து சொன்னாலும் சரி."

பெர்சிஸ் பொறுமையாகக் கேட்டாள். "சார், அண்ணனே ஓட்டட்டும். நான் பக்கத்துல இருந்து பாக்கேன்."

இசக்கியப்பன் பின்னால் அமர்ந்தார். புறவழிச்சாலையில் வண்டி வேகம் பிடித்தது.

"இப்ப மெதுவா இடப்பக்கக் கோட்டத் தொடுங்கண்ணே."

சிவனு தொட்டார்.

"அதிருதா?"

"இல்ல தாயி."

அவள் புருவம் சுருங்கியது. "இன்னொரு தடவ," என்று கையை நீட்டி ஸ்டீரிங்கின் விளிம்பைத் தானும் பற்றிக்கொண்டாள். வண்டி மீண்டும் கோட்டைத் தொட்டது. அவள் மணிக்கட்டில் தளர்வாகக் கட்டியிருந்த கடிகாரம் நடுங்கிற்று. கோட்டை விட்டு விலகியதும் நடுக்கம் நின்றது. சிவனு அதைக் கண்ணால் கண்டார். அவரது இரண்டு உள்ளங்கைகளும் அதே வட்டத்தின்மேல்தான் இருந்தன. அவற்றில் ஒன்றுமே இல்லை.

பெர்சிஸ் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் சாலையையே பார்த்திருந்தார்.

"என்னம்மா, அதிருதா இல்லையா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஷோரூம் போய்ச் சொல்லுதேன் சார்."

வண்டியை நிறுத்தியபின், இசக்கியப்பன் அலுவலகத்தை நோக்கி முன்னே நடந்தார். அவள் சிவனுவின் அருகில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள். "அண்ணே, வண்டியில குறை இல்லன்னு நான் சொல்லித்தான் ஆகணும். அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். மத்தது உங்க கையில."

அவ்வண்ணமே அவள் உள்ளே சென்று கூறினாள். அதற்குக் கிடைத்த வசையும் சிறிதன்று. பொய்க்காரி என்றார் இசக்கியப்பன். மேலிடத்துக்குப் புகார் போகும், வேலை இருக்காது என்றார். அவள் தலைகுனியாமல், மறுத்தும் பேசாமல் நின்றாள். சிவனு கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்புடன் நின்று எல்லாவற்றையும் கேட்டார். உள்ளே போய் ஒரு சொல் சொன்னால் முடிந்துவிடும். சொன்னால் நாளை முதல் தமக்கு என்ன தொழில்? ஸ்டீரிங் பிடிப்பதைத் தவிர வேறெதுவும் அவர் கற்றதில்லை. கதவைத் தள்ளாமலே வண்டிக்குத் திரும்பினார்.

ஜோதிலட்சுமியை ஏற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்கள். இசக்கியப்பன் இன்னும் ஓயவில்லை. "சின்னப் பிள்ள, என்னமாப் பொய் சொல்லுதா பாத்தீரா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். முன்னே போன லாரியின் பின்விளக்கையும் வெள்ளைக்கோட்டையும் வெறித்தபடி, சிவனு மாட்டுவண்டியின் வேகத்துக்குச் சற்று மேலே ஓட்டினார். ஆலங்குளத்தை நெருங்குகையில் கண்ணாடியில் பார்த்தார். ஜோதிலட்சுமி தலையணைகளை ஒதுக்கிவிட்டு, பின்னிருக்கை முழுவதும் கால்நீட்டிப் படுத்துத் துயின்றுகொண்டிருந்தார். அறுவைக்குப் பின் அவர் ஓடும் வண்டியில் அவ்வாறு படுத்ததில்லை.

சிவனு ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஒதுக்கி நிறுத்தினார்.

"என்னவே, டீயா?"

"அண்ணாச்சி, வண்டி அதிருது."

"எப்ப? இப்பவா?"

"எப்பவும் அதிருது. என் கைக்குத்தான் தெரியல. அந்தப் பிள்ள கைக்கடிகாரம் ஆடினத இந்தக் கண்ணால பாத்தேன். காலுக்கும் தெரிய மாட்டுக்கு. செருப்பு கழண்டு விழுந்ததுகூடத் தெரியல. பிரேக்க எம்புட்டு மிதிக்கேன்னும் தெரியல. இனி என்ன நம்பி நீங்க ஏறக்கூடாது."

இசக்கியப்பன் முதலில் சிரித்தார். "சும்மா இரும்வே." சிவனு சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார். பிறகு குரல் மாறியது. "அங்க வச்சே சொல்லிருக்கலாம்லா? அந்தப் பிள்ளைய என்ன வார்த்தையெல்லாம் சொல்லிட்டேன்!"

"பயந்துட்டேன் அண்ணாச்சி. அவளுக்கு மொதல்ல ஒரு போன் போடுங்க."

போட்டார். "தாயி, தப்பு எங்க பக்கந்தான். மன்னிச்சிக்கோ," என்று இசக்கியப்பன் சொன்னதைப் பின்னிருக்கையில் விழித்திருந்த ஜோதிலட்சுமியும் கேட்டார். அவர் எழுந்து அமர்ந்து சிவனுவைப் பார்த்தார்.

"எத்தன நாளா இப்படி?"

"தெரியல மதினி. வண்டிதான் ஊமைன்னு நெனச்சேன்."

"எங்கள மண்ணுல விட்டீராம்லா, அன்னைக்குமா?"

"அன்னைக்கும்."

ஜோதிலட்சுமி தம் தண்ணீர்ப் புட்டியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

இனி யார் ஓட்டுவது என்ற வினா எழுந்தது. இசக்கியப்பன் இறங்கி வலப்பக்கம் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஏதோ ஆற்றில் இறங்குபவர்போல இருக்கையில் ஏறினார்.

"கிளச் எங்கவே?"

"இதுல கிளச் கெடையாது அண்ணாச்சி."

"அப்ப எடது கால என்ன செய்ய?"

"சும்மா வச்சிருங்க."

"கட்டின நாள்ல இருந்து நான் சும்மா இருக்கச் சொல்லிக் கேக்காதவரு," என்றார் ஜோதிலட்சுமி. "மெதுவா எடுங்க. எனக்குத் தகடு வேற இருக்கு."

வண்டி அரவமின்றி நகர்ந்தது. சிவனு இடப்பக்க இருக்கையில் அமர்ந்திருந்தார். தம் வாழ்நாளில் முதலாளியின் வண்டியில் அந்தப் பக்கம் அவர் அமர்ந்ததேயில்லை. முதலில் வலக்கால் தானாகவே பிரேக்கைத் தேடித் தரையை அழுத்தியது. "வலது, கொஞ்சம் வலது அண்ணாச்சி… லாரி போகட்டும்… ஆங், இப்ப வாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சிறிது நேரத்தில் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமற் போயிற்று. இருக்கை அவர் முதுகைத் தாங்கிக்கொண்டது. பள்ளமும் மேடும் எங்கோ கீழே, வேறு யாருடையவோ கவலையாகக் கடந்து சென்றன. எதையும் பார்க்க வேண்டியதில்லை, எதையும் விலக்க வேண்டியதில்லை. வண்டியின் சுகம் இன்னதென்று அன்றுதான் அவர் அறிந்தார். பாவூர்சத்திரம் வருமுன் வாய் சற்றே திறந்தபடி உறங்கிப்போனார்.

இசக்கியப்பன் தம் வீட்டுக்குப் போகாமல் நேரே குத்துக்கல்வலசைக்கு ஓட்டினார். தெருவில் வண்டி நின்றதும் முத்துலட்சுமி வெளியே வந்தாள். ஸ்டீரிங்கின் பின்னே முதலாளி வியர்வை வடிய அமர்ந்திருந்தார். அவள் கணவர் மறுபுறம் தலைசாய்ந்து கிடந்தார்.

"என்னாச்சு அண்ணாச்சி? நீங்க ஓட்டுதிய?"

"ஒண்ணுமில்ல தாயி, தூங்குதாரு. எழுப்பாத. கொஞ்ச நேரம் கெடக்கட்டும்."

ஏசியை ஓடவிட்டு, இசக்கியப்பனும் ஜோதிலட்சுமியும் வண்டியிலேயே காத்திருந்தார்கள். தெருப்பிள்ளைகள் சுற்றி நின்று கண்ணாடி வழியே பார்த்தார்கள். அவர் விழித்தபோது தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது.

நெடுநாள் கவனியாத சர்க்கரை நோய் நரம்புகளைத் தின்றுவிட்டது என்றார் மருத்துவர். மாத்திரைகளால் மேலும் கெடாமல் காக்கலாம், போனது முழுதும் திரும்பாது என்றும் சொன்னார். வண்டிக்கு இப்போது விஜயசங்கர் என்றொரு இளைஞர் ஓட்டுநராக வந்திருக்கிறார். செருப்புக் காலுடனே ஓட்டுகிறார். நன்றாகவே ஓட்டுகிறார். இசக்கியப்பன் மரவாடியில் ஒரு நாற்காலி போட்டுச் சிவனுவை அமரச் சொன்னார். சும்மா இருந்து சம்பளம் வாங்கக் கூசி, சில நாளிலேயே அவர் நின்றுகொண்டார். சீசனில் குற்றாலத்து விடுதியொன்றின் முன் வண்டிகளை ஒழுங்குபடுத்தி நிறுத்துகிறார். மற்ற மாதங்களில் முத்துலட்சுமி தைக்கும் துணிகளுக்குப் பொத்தான் எடுத்துக் கொடுக்கிறார். பொத்தான் அடிக்கடி விரலிலிருந்து நழுவுகிறது. "போட்டும் விடுங்க" என்று அவளே குனிந்து எடுத்துக்கொள்கிறாள்.

வெள்ளிக்கிழமைகளில் அந்த வண்டி விடுதியைக் கடந்து கோயிலுக்குப் போகும். ஜோதிலட்சுமி கண்ணாடியை இறக்கி, "ஏறுதீரா சிவனு, ஒரு சுத்துப் போய்ட்டு வரலாம்?" என்பார். "டூட்டி மதினி" என்று அவர் விசிலை உயர்த்திக் காட்டுவார்.

சாரலில் நனைந்து மாலையில் வீடு திரும்பும் அந்த மனிதருக்குக் குற்றாலத்து ஈசனும் குழல்வாய்மொழி அம்மையும் துணை நிற்க. முத்துலட்சுமியின் கண்ணொளி குன்றாதிருக்க. அந்த மனையில் உலையும் விளக்கும் நாளும் எரிக. அங்கு உறங்குவோர் அச்சமின்றி உறங்கி, நலமே விழித்தெழுக.